கடலில் காணாமல் போனவரை எங்கே தேடுவார்கள்? உயிரைக் காப்பாற்றும் ‘நீரோட்டக் கணக்கு’

‘மீன்பிடிக்கச் சென்ற படகு கரை திரும்பவில்லை. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் மூலம் தேடி வருகிறது.’

வருடத்துக்குப் பலமுறை நாம் படித்துவிட்டுக் கடந்துபோகும் செய்தி இது. அந்த ஹெலிகாப்டர் கிளம்பி எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? படகு கடைசியாக இருந்த இடத்துக்குத்தானே? அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் இருக்கும். கடலில் விழுந்த எதுவும் விழுந்த இடத்திலேயே நிற்பதில்லை. நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும், அலை நகர்த்தும்.

அப்படியென்றால் தேட வேண்டிய இடம் எது? அதைக் கண்டுபிடிக்க ஒரு தனி அறிவியலே இருக்கிறது. கடலின் நகர்வைப் பற்றிய தரவுகளை வைத்து, ‘இந்நேரம் அவர் எங்கே இருப்பார்’ என்று கணிக்கும் முறை அது. ஹைதராபாத்தில் உள்ள ஓர் அரசு மையம் இந்தியாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது. ஆனால், எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருந்தாலும் அதற்கு ஒரு தகவல் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் மீனவக் குடும்பங்களின் கையில்தான் இருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாமதமானால் என்ன ஆகும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் கடல் ஓய்வெடுப்பதில்லை. 24 மணி நேரத்தில் அது ஒருவரை 48 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோய்விடும்.

திசை துல்லியமாகத் தெரிந்தால் நேராக அங்கே போய்விடலாம். பிரச்சினை என்னவென்றால், திசையும் முழுதாகத் தெரியாது, விழுந்த நேரமும் சரியாகத் தெரியாது. அதனால் ‘இந்த வட்டத்துக்குள் எங்காவது இருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். அந்த வட்டம் நேரம் ஆக ஆகப் பெரிதாகும்.

* வட்டத்தின் ஆரம் 10 கி.மீ. என்றால், தேட வேண்டிய பரப்பு சுமார் 314 சதுர கி.மீ.
* ஆரம் 20 கி.மீ. ஆனால், சுமார் 1,257 சதுர கி.மீ.
* ஆரம் 40 கி.மீ. ஆனால், சுமார் 5,027 சதுர கி.மீ.

ஆரம் நான்கு மடங்கு ஆகும்போது பரப்பு பதினாறு மடங்கு ஆகிவிடுகிறது. சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கி.மீ.தான். அப்படியானால் கடைசி வட்டத்துக்குள் கிட்டத்தட்ட 12 சென்னைகளை அடக்கிவிடலாம்.

இப்போது ஹெலிகாப்டரில் இருப்பவரின் நிலையிலிருந்து பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் மனிதரின் தலை மட்டும்தான் வெளியே தெரியும், ஒரு தேங்காய் அளவுக்கு. சுற்றிலும் வெள்ளை நுரை, கண்ணைக் கூசும் வெயில். ஒரு முறை பறந்து போகும்போது 200 மீட்டர் அகலத்துக்கு மட்டுமே நம்பிக்கையாகப் பார்க்க முடிகிறது, வேகம் மணிக்கு 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 30 சதுர கி.மீ. பார்க்கலாம். முதல் வட்டத்தை முடிக்கப் பத்தரை மணி நேரம் ஆகும். கடைசி வட்டத்தை முடிக்க 167 மணி நேரம் வேண்டும். எரிபொருள் நிரப்பக்கூட இறங்காமல் இரவு பகலாக ஒரு வாரம்!

அதனால், வட்டத்தைச் சுருக்குவதுதான் மீட்புப் பணியின் முதல் வேலை. கடல் நகர்வுத் தரவு உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

ஆள் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் போகுமா?

போகும். இந்தத் துறையில் பலரும் கவனிக்கத் தவறும் விஷயமே அதுதான்.

மிதக்கும் பொருளை இரண்டு சக்திகள் நகர்த்துகின்றன. ஒன்று, நீரோட்டம். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே எல்லாவற்றையும் ஒரே மாதிரி கூட்டிக்கொண்டு போகும். இன்னொன்று, காற்று. இது பொருளுக்குப் பொருள் மாறும். தண்ணீருக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைக் ‘காற்றுத் தள்ளல்’ என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீரில் மிதக்கும் மனிதரின் உடலில் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதால், காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 1 சதவீத வேகத்தில்தான் அவர் தள்ளப்படுவார். கூடாரம் போட்ட ரப்பர் மிதவைப் படகு லேசானது, காற்றை நன்றாக வாங்கும். அது 3 முதல் 5 சதவீத வேகத்தில்கூட நகரலாம்.

கேட்கச் சின்ன வித்தியாசம்தான். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்றில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதர் ஒரு நாளில் சுமார் 9 கி.மீ. தள்ளப்படுவார். 4 சதவீத வேகத்தில் நகரும் மிதவை சுமார் 35 கி.மீ. போயிருக்கும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கடலில் விழுந்த இரண்டுக்கும் நடுவே ஒரே நாளில் 26 கி.மீ. இடைவெளி!

அதனால்தான் ஆளில்லாத மிதவையோ படகோ கிடைத்தால், அதைச் சுற்றி மட்டும் ஆளைத் தேடினால் போதாது. அது வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, விபத்து நடந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மனிதருக்கான கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகு காற்று வீசும் திசையிலேயே நேராகப் போகாது. அதன் வடிவத்தைப் பொறுத்து காற்றுக்குச் சற்று இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ ஒதுங்கிப் போகும். எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. எனவே கணக்கில் இரண்டு வாய்ப்புகளையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களெல்லாம் யூகத்தில் வந்தவை அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படை உள்பட பல அமைப்புகள் பல்லாண்டுகளாகப் படகுகளையும் மிதவைகளையும் மனித பொம்மைகளையும் கடலில் மிதக்கவிட்டு, அளந்து எடுத்தவை. 1999-ல் இந்தச் சோதனைகளைத் தொகுத்து, 60-க்கும் மேற்பட்ட வகைப் பொருள்களுக்குத் தனித்தனி எண்கள் வெளியிடப்பட்டன. உலகம் முழுக்க இன்று பயன்பாட்டில் உள்ள மென்பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படை அந்தப் பட்டியல்தான்.

கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

நம் வங்கக் கடலையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் வருடத்தில் இரண்டு முறை திசை மாறும். மார்ச் - ஏப்ரல் வாக்கில் வடக்கு நோக்கி வேகமாக ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபருக்குப் பிறகு, தெற்கு நோக்கி ஓடும். சென்னைக்கு எதிரே மார்ச்சில் தவறி விழும் பொருளை ஆந்திரப் பக்கம் தேட வேண்டியிருக்கலாம். அதே பொருள் நவம்பரில் விழுந்தால் புதுச்சேரி, கடலூர் பக்கம் போயிருக்கலாம்.

மீனவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். கடல் தூரத்துப் பொருளை நம் கரைக்குக் கொண்டுவருவதையும் பலமுறை பார்த்திருக்கிறார்கள். 2022 மே மாதம் ‘அசானி’ புயலின்போது ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் கரையில் ஒதுங்கிய தங்க நிறத் தேர் நினைவிருக்கிறதா? வாட்ஸ்அப்பில் சுற்றாத குரூப்பே இல்லை. தென்கிழக்கு ஆசியப் பக்கமிருந்து வங்கக் கடலைத் தாண்டி மிதந்து வந்திருக்கலாம் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது.

அறிவியலாளர்கள் இதே விஷயத்தை எண்ணாக மாற்றுகிறார்கள். அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

* மிதவைக் கருவிகள்: கடலில் விடப்படும் சிறு மிதவைகள். 15 மீட்டர் ஆழத்தில் துணிக்குழாய் போன்ற நங்கூரம் தொங்கும். காற்றுக்கு அசையாமல் நீரோட்டத்தோடு மட்டும் போவதற்காக அது. தங்கள் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே போகும். உலகக் கடல்களில் எந்த நேரத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய மிதவைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.
* கரையோர ரேடார்: கடற்கரையில் நட்ட ஆன்டெனாக்கள் ரேடியோ அலையை அனுப்பி, அலைகளில் பட்டுத் திரும்புவதை வைத்து நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும். தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் கடலூரிலும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இவற்றை அமைத்திருக்கிறது.
* செயற்கைக்கோள்: கடல் மட்டம் எங்கே சற்று மேடாக, எங்கே பள்ளமாக இருக்கிறது என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும். அதிலிருந்து பெரிய நீரோட்டங்களைக் கணக்கிடலாம்.
* கணினி மாதிரி: இவற்றையும் வானிலைத் தகவலையும் சேர்த்து, அளவீடு இல்லாத இடங்களிலும் கடல் எப்படி ஓடும் என்று சூப்பர் கம்ப்யூட்டரில் கணிப்பது. நாளை எப்படி இருக்கும் என்பதையும் இதுதான் சொல்லும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை இன்னொரு வேலையும் செய்கிறது. ஆள் காணாமல் போன இடத்துக்கு விமானம் போனதும், முதல் வேலையாக ஒரு சிறு மிதவையைக் கடலில் போட்டுவிடும். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கம்ப்யூட்டர் சொன்ன நீரோட்டம் சரிதானா என்று உடனுக்குடன் சோதித்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் என்னதான் செய்கிறது?

சிம்பிளாகச் சொன்னால், ஓர் ஆளுக்குப் பதில் ஆயிரக்கணக்கான ‘டம்மி’ ஆள்களைத் திரையில் உள்ள கடலில் போட்டுவிடும்.

படகு கடைசியாக இருந்த இடம் சரியாகத் தெரியாதா? அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க டம்மிகளைத் தூவும். விழுந்த நேரம் இரவு 10 மணியா, 2 மணியா என்று சந்தேகமா? சிலவற்றை 10 மணிக்கும் சிலவற்றை 2 மணிக்கும் இடையில் உள்ள நேரங்களுக்கும் விடும். காற்றின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்கும். ஒவ்வொரு டம்மியும் தன் போக்கில் மிதந்து போகும். தேடல் தொடங்கும் நேரத்தில் எங்கே அதிக டம்மிகள் குவிந்திருக்கின்றனவோ, ஆள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஹெலிகாப்டர் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

இந்தியாவில் இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் ‘சாராட்’. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது ‘இன்காய்ஸ்’ உருவாக்கியது. 2016-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காணாமல் போன பொருள் எது என்று 60 வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக இருந்த இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் போதும். இடத்தை வரைபடத்தில் தொட்டுக் காட்டலாம். இல்லையென்றால், ‘இந்தக் கரையிலிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரம்’ என்றும் கொடுக்கலாம். தேட வேண்டிய பகுதி வரைபடமாக வந்துவிடும்.

இதற்கான தேவையை உணர்த்தியது நம் கடலில் நடந்த ஒரு விபத்துதான். 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்துக்குப் போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் காணாமல் போனது. ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்த தேடலுக்குப் பிறகே, கடலூருக்கு அப்பால் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்தன. யாரும் உயிர் பிழைக்கவில்லை.

தேடியும் கிடைக்காவிட்டால்?

‘அங்கே தேடிட்டோம், இல்லை’ என்பதும் ஒரு தகவல்தான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உதாரணமாக, கடலை ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு பகுதியாகப் பிரிக்கிறோம். ஆள் ‘அ’வில் இருக்க 60 சதவீத வாய்ப்பு, ‘ஆ’வில் 40 சதவீதம். முதலில் ‘அ’வில் தேடுகிறோம். அலையும் வெளிச்சமும் இருக்கும் நிலையில், ஆள் அங்கே இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு 75 சதவீதம். ஆனால், கிடைக்கவில்லை.

இப்போது ‘அ’வை அடித்துவிட்டு ‘ஆ’வுக்குப் போகலாமா? போகலாம், ஆனால் அடித்துவிடக் கூடாது. கணக்குப்படி இப்போது ‘அ’வில் இருக்கும் வாய்ப்பு 27 சதவீதமாகக் குறைகிறது, ‘ஆ’வில் 73 சதவீதமாக உயர்கிறது. கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்பதால் ‘அ’ இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பயணம் முடிந்த பிறகும் இப்படி வரைபடம் மாறும். இதற்கிடையில் ‘அ’வும் ‘ஆ’வும்கூட நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும்! இதையெல்லாம் மனக்கணக்காகப் போட முடியாது. கம்ப்யூட்டர் தேவைப்படுவது அதனால்தான்.

உடைந்த கைப்பிடி சொன்ன சேதி

கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டிய தகவல் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது என்ன? அமெரிக்காவில் நடந்த ஒரு மீட்பைப் பார்த்தால் புரியும்.

2013 ஜூலை 24. நியூயார்க் மாகாணத்தின் மாண்டாக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய லாப்ஸ்டர் படகு. கூட்டாளி உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, அதிகாலை மூன்றரை மணி வாக்கில் ஒரு மீனவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டார். லைஃப் ஜாக்கெட் இல்லை. தானியங்கி முறையில் படகு போய்க்கொண்டே இருந்தது. கூட்டாளி விழித்துப் பார்த்துத் தகவல் சொன்னபோது காலை 6 மணி தாண்டிவிட்டது.

எப்போது விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். முன்னிரவிலேயே விழுந்திருப்பார் என்ற எண்ணத்தில் முதலில் கரைக்குச் சற்று அருகில் உள்ள பகுதியில் கவனம் செலுத்தினார்கள்.

பிறகு கூட்டாளி படகை நிதானமாகச் சோதித்துப் பார்த்தார். லாப்ஸ்டர் தொட்டியின் மூடி திறந்திருந்தது, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியின் கைப்பிடி உடைந்திருந்தது. பெட்டியை இழுக்கும்போது கைப்பிடி உடைந்து, பின்பக்கமாகக் கடலில் விழுந்திருக்கிறார் என்பது புரிந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பும் வேலையை, கரையிலிருந்து நல்ல தூரம் வந்த பிறகுதான் அவர் தொடங்குவது வழக்கம். அப்படியானால் விழுந்தது முன்னிரவில் அல்ல, பின்னிரவில். கரையிலிருந்து வெகுதூரத்தில்.

இந்தத் தகவலைக் கொடுத்ததும் கம்ப்யூட்டர் புதிய வரைபடம் தந்தது. தேடல் தெற்கே நகர்ந்தது. பிற்பகல் 3 மணி வாக்கில் ஹெலிகாப்டர் அவரைக் கண்டுபிடித்தது. ரப்பர் பூட்ஸைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துக் காற்றை அடைத்து, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே சுமார் 12 மணி நேரம் மிதந்திருக்கிறார் மனிதர்!

அங்கே இருந்த மென்பொருள் காலையிலும் அதேதான், பிற்பகலிலும் அதேதான். இடையில் மாறியது, ‘எப்போது, எங்கே’ என்ற ஒரே கேள்விக்கான பதில். அதைச் சொன்னது செயற்கைக்கோள் அல்ல, தன் கூட்டாளியின் வேலைப் பழக்கத்தை அறிந்த இன்னொரு மீனவர்.

நாள் கடந்தால் கணக்கு எவ்வளவு மங்கும்?

இதற்கு எம்எச்370 விமானம் ஓர் உதாரணம். 2014 மார்ச் 8-ம் தேதி 239 பேருடன் மாயமான மலேசிய விமானம். 16 மாதங்கள் கழித்து, அதன் இறக்கையின் ஒரு பாகம் இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில், ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது.

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ விஞ்ஞானிகள் அது வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அதே ரக விமானத்தின் அசல் இறக்கை பாகம் ஒன்றை வாங்கி, கரை ஒதுங்கிய துண்டைப் போலவே வெட்டி, டாஸ்மேனியா அருகே கடலில் மிதக்கவிட்டார்கள். முதலில் மரத்திலும் உலோகத்திலும் செய்து பார்த்த மாதிரிகளைவிட அசல் பாகம் வேகமாகப் போனது. போதாக்குறைக்கு, காற்றுக்குச் சுமார் 20 டிகிரி இடப்பக்கமாக ஒதுங்கியும் போனது. விமானம் விழுந்த இடம், அதுவரை தேடிய 1,20,000 சதுர கி.மீ. பகுதிக்கு வடக்கே, தெற்கு அட்சரேகை 35 டிகிரி அருகே இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

அதன்பின் 2018-ல் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய தேடலிலும் விமானம் கிடைக்கவில்லை. கணக்கு வீண் என்று அர்த்தமில்லை. 16 மாத அலைச்சலைப் பின்னோக்கிப் போட்டால், ‘இந்தப் பக்கம் இருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும், புள்ளி வைத்துக் காட்ட முடியாது. சில மணி நேரக் கணக்கு உயிரைக் காப்பாற்றும். பல மாதக் கணக்கு, விசாரணைக்கு உதவும்.

ஒக்கி புயலில் என்ன நடந்தது?

2017 நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ‘ஒக்கி’ புயலாக மாறியது. கிட்டத்தட்ட ஒரே நாள்!

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் ஏற்கெனவே செல்போன் சிக்னலும் வயர்லெஸும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கரையிலிருந்து அவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கரைக்கும் தெரியாது.

உயிர் தப்பிய படகுகள் லட்சத்தீவிலும், கர்நாடகத்திலும், மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையிலும்கூடப் போய்ச் சேர்ந்தன. திரும்பாதவர்கள் ஏராளம். உடல்கூடக் கிடைக்காத குடும்பங்கள் பல.

தேடலில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் இறங்கின. ஆனால் மேலே சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். படகு கடைசியாக இருந்த இடம்? ‘மேற்கே, பல நூறு கிலோமீட்டர்’. கவிழ்ந்த நேரம்? தெரியாது. டம்மி ஆள்களைக் கடல் முழுக்கத் தூவினால், கம்ப்யூட்டர் கடல் முழுக்கத் தேடச் சொல்லும்! ‘எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்’ என்று மீனவர்கள் போராடியதன் அர்த்தம் இதுதான். கேரளத்தில் உள்ளூர் மீனவர்களை ஏற்றிக்கொண்டு கடற்படைக் கப்பல்கள் தேடலுக்குப் போயின. எந்த மாதத்தில், எந்த மீனுக்காக, எவ்வளவு தூரம் போவோம் என்ற அவர்களின் அறிவு, இந்தக் கணக்குக்கு வேண்டிய முதல் எண்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

ஓரளவு மாறியிருக்கிறது.

* 2019-ல் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமானது. செல்போன் சிக்னல் இல்லாத ஆழ்கடலிலும் புயல் எச்சரிக்கை வரும். ஆனால் ஒருவழிதான். கரையிலிருந்து சேதி வரும், படகிலிருந்து பதில் சொல்ல முடியாது.
* ஆபத்தில் பட்டனை அழுத்தினால் படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் கருவியை இஸ்ரோ முன்பே உருவாக்கியிருந்தது. சேதி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மீனவருக்குத் தெரியாது என்பது அதன் குறை. 2024-ல் வந்த அடுத்த தலைமுறைக் கருவியில், ‘தகவல் கிடைத்தது, மீட்பு வருகிறது’ என்ற பதிலும் வரும்.
* மீன்பிடிப் படகுகளின் இருப்பிடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

டிரான்ஸ்பாண்டர் உள்ள படகு திடீரென மௌனமானால்கூட, கடைசி இடமும் நேரமும் பதிவில் இருக்கும். கம்ப்யூட்டர் கேட்பது அதைத்தான். ஆனால் சின்ன ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் இருக்கின்றன. படகில் கருவி இருந்தாலும், படகிலிருந்து தவறி விழுந்த மனிதரின் உடம்பில் கருவி இருக்காது. அங்கே இப்போதும் மனிதர்கள் தரும் தகவல்தான் ஒரே வழி.

கரையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், வந்துடுவாங்க’ என்று காத்திருப்பது இயல்புதான். ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வட்டத்தைப் பெரிதாக்குகிறது. சந்தேகம் வந்தவுடன் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093 எண்ணிலோ தகவல் சொல்லிவிடுங்கள். படகு பத்திரமாக வந்துவிட்டால், இன்னொரு போன் போட்டுச் சொன்னால் போயிற்று.

அப்போது இந்த விவரங்களைத் தயாராக வைத்திருங்கள்:

* கடைசியாகப் பேசியது எத்தனை மணிக்கு? அப்போது எங்கே இருப்பதாகச் சொன்னார்கள்? ஜிபிஎஸ் எண் தெரிந்தால் அதுவே போதும்.
* எந்தக் கரையிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் கிளம்பினார்கள்? வழக்கமாக எவ்வளவு தூரம் போவார்கள்?
* என்ன படகு? விசைப்படகா, ஃபைபரா, கட்டுமரமா? நீளம் எவ்வளவு, கேபின் உண்டா?
* எத்தனை பேர்? லைஃப் ஜாக்கெட் இருந்ததா? மிதக்கும் கேன்கள் இருந்தனவா?
* அருகில் மீன்பிடித்த வேறு படகுகள் எவை? அவர்கள் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

‘கேபின் உண்டா’ என்பது அற்பக் கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் காற்றுத் தள்ளல் எவ்வளவு என்பது அந்தப் பதிலையும் பொறுத்தது. கடலுக்குக் கிளம்புவதற்கு முன் இந்த விவரங்களை ஒரு வாட்ஸ்அப் மெசேஜாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது.